மடுவைத் திறந்த நாள்

துடுப்புக்காரியின் வாய்க்குப் பயந்துதான் ஏரி மீனெல்லாம் தானாக வலையில் வந்து விழுகின்றன என்று கரையில் ஒரு கிண்டல் உண்டு. அதைச் சொல்கிறவர்கள் அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டுதான் சொல்வார்கள். ஐஸ் பெட்டிக்காரர் மீனை எடை போடும்போது தட்டுக்கு அடியில் விரலைக் கொடுத்து லேசாகத் தூக்குவார். மற்றவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்கள். இவள் கரையின் அந்தக் கோடியிலிருந்தே கத்துவாள். "யோவ், விரல எடு! மீனுக்கு எதுக்கு முட்டுக் குடுக்கற, அது என்ன கீழ விழுந்து காலை ஒடிச்சுக்கப் போகுதா?" கரையே சிரிக்கும். ஐஸ் பெட்டிக்காரரும் வேறு வழியில்லாமல் சிரிப்பார்.

ஆள் ஒல்லி. காற்றடித்தால் பறந்துவிடுவாளோ என்று நினைக்கத் தோன்றும். ஆனால் துடுப்பைப் பிடித்துவிட்டால் எதிர்காற்றாவது ஒன்றாவது! அவள் படகு வலிக்கிற அழகைச் சும்மா சொல்லக் கூடாது. சத்தமே வராது. அவள் வலிப்பாள், அவள் தம்பி வலை போடுவான். இரண்டு பேரும் ஒரு பேச்சுப் பேசாமல் பாதி ஏரியைச் சுற்றி வருவார்கள்.

தம்பிக்குக் குட்டையன் என்று பேர். ஆறடிக்கு மேல் வளர்ந்தவனுக்கு இப்படி ஒரு பேரா என்று கேட்டால், அவன் பிறந்தபோது அப்படித்தான் இருந்தான் என்பாள். அவனைப் பெற்றுப் போட்ட கையோடு அம்மா கண்ணை மூடிவிட்டாள். தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன் என்று சும்மாவா சொன்னார்கள்? அப்பன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு வேறு தண்ணீருக்குப் போய்விட்டான். இவள்தான் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே படகு கழுவினாள், வலை காயப்போட்டாள், அவனுக்குச் சோறூட்டினாள். பெண் கேட்டு வந்தவர்களிடம், "என்கூட இவனும் வருவான், சம்மதமா?" என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவளும் அதற்காகக் கண்ணீர் விட்டவள் இல்லை. தம்பிக்கு ஒரு கல்யாணத்தைச் செய்து வைத்தாள். வந்தவள் தையல்காரி. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டாள், பின்னறையில் வலை தொங்கியது, நடுவில் ஒரு திரை. நாத்தனாருக்கும் அவளுக்கும் சண்டை வராத நாள் கிடையாது. சண்டை போட்ட கையோடு ஒரே தட்டில் சாப்பிடவும் செய்வார்கள்.

ஏரி ஒரே மாதிரி இருக்கிற சாமான் இல்லை. மழையில் புதுத் தண்ணீர் சிவப்பாக வந்து கலந்தால் கெண்டை கரையோரம் ஏறி வரும். கலங்கலில் வலை அதன் கண்ணுக்குத் தெரியாது, அள்ளலாம். தண்ணீர் தெளிந்துவிட்டால் மீனுக்குப் புத்தி வந்துவிடும். விடிகிற நேரத்து மங்கலில் போட்டால்தான் உண்டு. வெயில் காலத்தில் ஏரி சுருங்கிப் பாதியாகிவிடும். பனிக்காலத்தில் மேல்தண்ணீர் சில்லிட்டுப் போக, மீனெல்லாம் வடக்கே இருக்கிற ஆழத்தில் போய் அசையாமல் கிடக்கும். அந்த ஆழத்துக்கு மடு என்று பேர். பனிக்கும் சரி, வெயிலுக்கும் சரி, கடைசியில் எல்லா மீனும் போய்ச் சேருகிற இடம் அதுதான்.

அந்தப் பனிக்காலம் தொடங்கியபோது துடுப்புக்காரிக்குக் காய்ச்சல். மடுவில் முந்தின நாள் போட்ட வலை கிடந்தது.

"நீ படுக்கா. நான் போய்த் தூக்கிட்டு வெயில் ஏர்றதுக்குள்ள வந்துடறேன்."

"ஒத்தையாப் போகாதடா. வலிக்கிறதும் நீ, தூக்குறதும் நீயா? காத்து வேற ஒரு மாதிரி இருக்கு."

"ஏரி என்ன என்னை முழுங்கிடுமா? நான் எந்திரிச்சு நின்னாலே தலை வெளிய தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் போனான். கனத்த கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு போனான். மத்தியானம் படகு கவிழ்ந்து மிதந்ததை அடுத்த படகுக்காரர்கள் பார்த்தார்கள். அவனைக் காணவில்லை.

தண்ணீரில் போனவனைப் பற்றிக் கரையில் எல்லாருக்கும் ஒன்று தெரியும். வெயில் காலமென்றால் இரண்டொரு நாளில் மேலே வந்துவிடுவான். பனிக்காலமென்றால் வரமாட்டான். அடித்தண்ணீரின் குளிர் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் சூடாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதுவரைக்கும் அந்த இடத்தில் யாரும் வலை போடக் கூடாது. மனுஷன் கிடக்கிற தண்ணீரில் மீனைப் பிடித்து எந்தக் கையால் விற்பது? தப்பித் தவறி அவனே வலையில் வந்துவிட்டால் அந்த வலையை அப்புறம் எவன் தொடுவான்? கடைசிவரை அவன் வரவேயில்லை என்றால், ரத்த உறவில் ஒருத்தர் போய் முதல் வலையை வீச வேண்டும். 'அவன் இனி வரமாட்டான், நீங்கள் பிழையுங்கள்' என்று சொல்வதற்கு அதுதான் வழி. அதற்கப்புறம் மற்றவர்கள் போகலாம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. மடு அன்றைக்கே மூடப்பட்டது.

துடுப்புக்காரிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தம்பி கரைக்கு வர வேண்டும். உயிர் போனது போனதுதான். அந்த உடம்பைத் தூக்கி ஒரு தரம் மடியில் போட்டுக்கொண்டு, மண்ணில் வைத்துவிட்டு வர வேண்டும். தண்ணீரில் விட்டுவைக்கவா அவனை அந்தப் பாடு பட்டு வளர்த்தாள்?

தையல்காரி வேறு மாதிரி. அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"அவர் தண்ணியில போகல அண்ணி. முந்தின நாள் ராத்திரி நான் வாய் விட்டுட்டேன். டவுனுக்குப் போய் வேலை பாக்கறேன், பாக்கறேன்னு சொல்லிட்டே இருந்தாரே. படகைக் கவுத்து விட்டுட்டு நீந்திக் கரையேறிப் போயிட்டார். கோபக்காரர்தானே."

"பைத்தியமாடி உனக்கு?"

"இருந்துட்டுப் போறேன். எவளோடயாவது இருந்தாக்கூடப் பரவால்ல அண்ணி. உயிரோட இருந்தாச் சரி."

தினமும் தையல்காரி மூன்று தட்டு எடுத்து வைப்பாள். மூன்றாவது தட்டைத் திரும்பக் கழுவாமலே அடுக்குவாள். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பாள். இதைப் பார்க்கிற கொடுமை துடுப்புக்காரிக்குத் தம்பி போனதைவிடப் பெரிய கொடுமையாக இருந்தது. அவன் வந்து சேர்ந்தால்தான் இவளுக்கும் ஒரு முடிவு.

பனி போயிற்று. தண்ணீர் வெதுவெதுத்தது. விடிந்ததும் விடியாததுமாகப் போய் மடுக்கரையில் உட்கார்ந்தாள். ஏதாவது கறுப்பாக மிதந்தால் படகை எடுத்துக்கொண்டு ஓடுவாள். கிட்டே போனால் பாசி. நாளெல்லாம் பாசி. அவன் வரவில்லை. கீழே கிடக்கிற மரவேர்களில் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவள் வீட்டுக்குப் போய், நங்கூரக் கம்பியை வளைத்து நாலுமுனைக் கொக்கி ஒன்று செய்துகொண்டு வந்தாள். நீளக் கயிற்றில் கட்டி இறக்கி, ஒரு கையால் துடுப்பை மெல்ல வலித்து, மறு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மடுவின் அடியை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

அதற்குள், வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே, பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. சனியன் பிடித்த மழை, அந்த வருஷம்தானா அப்படிக் கொட்ட வேண்டும்! புது வெள்ளம் மேட்டிலிருந்து மரங்களை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்து மடுவில் தள்ளியது. கொக்கியை இறக்கினால் கிளை, திரும்ப இறக்கினால் வேர். ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்க்க ஒரு ஆளால் ஆகிற காரியமா? மாட்டிய கொக்கியைக் கழற்ற ஏரிக்காரர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. கயிற்றைச் சட்டென்று தளர்த்தி, ஒரு சுண்டு சுண்டி, பக்கவாட்டில் உதற வேண்டும். கழன்றுவிடும். அந்த மழை விடும்வரை அவள் நாளெல்லாம் அதைத்தான் செய்தாள். மாட்டும், இழுப்பாள், கனக்கும், உதறுவாள். கை அதைத் தானாகவே செய்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

வெள்ளம் வடிய ஆரம்பித்திருந்த ஒரு காலை. தூறல். கொக்கி மாட்டியது. இழுத்தாள். கனமாகக் கொஞ்சம் எழும்பியது. இன்னொரு வேர் என்று கை முடிவு கட்டிவிட்டது. தளர்த்திச் சுண்டி உதறினாள். கழன்றது.

வெறுங்கயிறு மேலே வந்துகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. வேர் எழும்பாது. கட்டை எழும்பினாலும் ஒரு நுனி எழும்பும், மறுநுனி தரையைப் பிடித்துக்கொண்டு முரண்டும். இது முரண்டவில்லை. தூக்கு என்று கையை நீட்டுகிற பிள்ளை மாதிரி மொத்தமாக எழும்பி வந்தது. எத்தனை வருஷம் இடுப்பில் தூக்கியவள்! அந்தக் கனம் அவளுக்குத் தெரியாதா? "ஐயோ!" என்று அவள் போட்ட சத்தம் அந்தப் பெரிய மழைத்தண்ணீருக்கு மேலே யாருக்கும் கேட்கவில்லை.

கொக்கியைத் திரும்ப வீசினாள். அதற்குள் காற்று படகைத் தள்ளிவிட்டிருந்தது. வலை போடுகிறவர்கள் இடத்தைக் குறித்துக்கொள்ள, கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் பார்த்து வைத்துக்கொள்வார்கள். அவள் அன்றைக்குப் பார்க்கவில்லை. வேருக்கு யார் குறி பார்ப்பார்கள்? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று இருட்டும்வரை இழுத்தாள். மறுநாளும் இழுத்தாள். அந்த வாரம் முழுக்க இழுத்தாள். வேர், வேர், வேர். ஒவ்வொன்றையும் இப்போது உதறாமல் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்து துடுப்பில் ஒட்டிக்கொண்டது. கைக்கு வந்தவனைக் கையாலேயே உதறிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் தையல்காரி, "என்ன அண்ணி, கை இப்படி இருக்கு?" என்று எண்ணெய் தடவிவிடுவாள். அவளிடம் எதைச் சொல்வது? நான் பார்த்துவிட்டேன், நானே விட்டுவிட்டேன் என்றா? கயிறு அறுத்துவிட்டது என்று சொல்லிக் கையை இழுத்துக்கொள்வாள்.

பிறகு வெயில் வந்தது. வந்ததும் தெரியவில்லை, ஏரி சுருங்கினதும் தெரியவில்லை. ஆழமில்லாத பக்கமெல்லாம் வெடித்த சேறாகிவிட்டது. படகுகளை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்க வேண்டியிருந்தது. போட்ட வலை போட்டபடி வந்தது. அதில் பாசியும் ஒரு செருப்பும்தான். மீனெல்லாம் மடுவில். பச்சைப் பசேலென்ற அந்தத் தண்ணீரில் மீன் துள்ளுகிற சத்தம் கரைக்குக் கேட்கும். வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனார்கள். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அதுதான் அவளைக் கொன்றது.

ஒரு நாள் மீனவர் சங்கத் தலைவர் வந்தார். அந்தக் காலத்தில் பெண் கேட்டு வந்து, யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்களில் இவரும் ஒருத்தர். நல்ல மனுஷன்தான். வாசற்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குக் கேக்க வாய் வரல, துடுப்பு."

"வராத வாயை எதுக்கு இந்த வெயில்ல தூக்கிட்டு வந்தீங்க? சொல்லுங்க."

"தண்ணி சூடேறிட்டு வருது. இன்னும் இறங்கினா மடுவுல இருக்கற மீனு மொத்தமும் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். நமக்கும் இல்லாம, ஏரிக்கும் இல்லாமப் போயிடும். புள்ளைங்க வீட்ல..."

"இந்த வாரம் மட்டும் விடுங்கண்ணே. உங்க கால்ல வேணா விழறேன்."

அவர் பதறி எழுந்துவிட்டார். துடுப்புக்காரி ஒருத்தர் காலில் விழுகிறேன் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று செருப்பைக்கூட மாட்டாமல் போனார்.

அந்த வாரம் அவள் சோறு தண்ணீர் பார்க்கவில்லை. தண்ணீர் இறங்கி, மழையின்போது இருந்த அடையாளங்களெல்லாம் மாறிப்போயிருந்தன. அன்றைக்குக் கரையாக இருந்தது இன்றைக்கு எங்கேயோ மேட்டில் நின்றது. அடியில் சேறு அரை ஆள் ஆழம் ஏறியிருந்தது. கொக்கி சேற்றில் புதைந்து புதைந்து வந்தது. "டேய், வந்துடுடா. அக்கா கூப்புடறேன்ல" என்று தண்ணீரைப் பார்த்துக் கெஞ்சினாள். அப்புறம் திட்டினாள். சின்ன வயசில் விளையாட்டுக்கு ஒளிந்துகொண்டவனை எப்படியெல்லாம் திட்டுவாளோ அப்படியெல்லாம் திட்டினாள். வாரம் முடிந்தது.

"நீங்க வலை போட்டீங்கன்னா அவரைச் சாகடிச்சுட்டீங்கன்னு அர்த்தம்" என்றாள் தையல்காரி. "நான் வர மாட்டேன்."

ஆனால் வந்தாள். கரையில் எல்லாரும் நின்றார்கள். யாரும் தங்கள் படகில் கை வைக்கவில்லை. துடுப்புக்காரி தனியாகப் படகை வலித்துக்கொண்டு மடுவின் நடுவுக்குப் போனாள். வலை வீசுவது அவள் வேலை இல்லை. அவன் வீசும்போது பார்த்ததுதான். எழுந்து நின்று, தம்பியின் வலையைத் தோளில் போட்டு, வீசினாள். பாதிதான் விரிந்தது. ஈயக்குண்டுகள் இறங்கும்வரை காத்திருந்து இழுத்தாள்.

கனத்தது. இழுக்க இழுக்கக் கனத்தது. கரையில் ஆண்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். ஒரு குழந்தையின் வாயை யாரோ பொத்தினார்கள். வாடா, வாடா, வந்துட்டியா என்று அவள் உதடு முணுமுணுத்தது. இந்த முறை உதறமாட்டேன். விரல் ஒடிந்தாலும் உதறமாட்டேன்.

வலை தண்ணீருக்கு மேலே வந்தது. மீன். பனிக்காலத்திலிருந்து யாரும் தொடாத மீன், கொழுத்த கெண்டையும் விராலுமாக, வலை கிழிகிற அளவுக்கு மீன். கரையில் யாரோ ஒருத்தன் தன்னை மறந்து "ஓ!" என்று கத்திவிட்டான். பத்துப் பேர் சேர்ந்து கத்தினார்கள். உடனே வெட்கப்பட்டு நிறுத்தினார்கள்.

படகு கரையைத் தொட்டதும் தையல்காரி ஓடிவந்தாள். மீனை இரண்டு கையாலும் விலக்கிவிட்டு வலைக்குள் பார்த்தாள்.

"இல்லையா அண்ணி?"

"இல்லடி."

தையல்காரி சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்கப்புறம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "பாத்தீங்களா! நான் சொல்லல? இவ்ளோ மீனு வந்திருக்கு, அவர் இருந்தா வந்திருக்க மாட்டாரா? அவர் இங்க இல்ல அண்ணி. டவுன்லதான் இருக்கார். எல்லாரும் கேட்டுக்கோங்க, அவர் இங்க இல்ல!" கூட்டத்தைப் பார்த்துத் திரும்பித் திரும்பிச் சொன்னாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்படியே விட்டுவிடலாம். துடுப்புக்காரிக்கு அந்த ஆசை வராமல் இல்லை. இவள் சிரித்துக்கொண்டே இருக்கட்டும், நம் மேலும் பழி இல்லை. ஆனால் இந்தச் சிரிப்போடு இவள் இன்னும் எத்தனை வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்? தலை நரைக்கும்வரையா? எவன் செருப்புச் சத்தத்துக்கெல்லாம் மெஷினை நிறுத்துவாள்?

"இங்கதான்டி இருக்கான்" என்றாள். "மழையில என் கொக்கியில மாட்டினான். தூக்கினேன். வந்தான். வேருன்னு நினைச்சு உதறிட்டேன்டி. எங்கன்னு குறிகூடப் பாக்கல. இந்தக் கையாலதான்டி விட்டேன்."

"பொய்."

"நான் வளத்த புள்ளடி அவன். அவன் கனம் எனக்குத் தெரியாதா?"

தையல்காரி அவளையே பார்த்தாள். அப்புறம் இரண்டு கையையும் மூடிக்கொண்டு நாத்தனாரின் நெஞ்சில் குத்தினாள். ஓங்கி ஓங்கிக் குத்தினாள். தடுக்க வந்த சங்கத் தலைவரைத் துடுப்புக்காரி கையைக் காட்டி நிறுத்தினாள். குத்தி ஓய்ந்து, அந்த நெஞ்சிலேயே முகத்தை வைத்து அவள் அழ ஆரம்பித்தாள். செத்த வீட்டில் பொண்டாட்டி அழுகிற அழுகை. கரைக்காரர்களைக் கேட்டால், குட்டையன் அன்றைக்குத்தான் செத்தான் என்பார்கள்.

மீன் சேற்றில் துள்ளிக்கொண்டு கிடந்தது. ஒருத்தரும் தொடவில்லை. "இன்னைக்கு வேணாம்ப்பா. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார் தலைவர். ஆட்கள் திரும்பினார்கள்.

"எங்க போறீங்க?" தையல்காரி நிமிர்ந்தாள். "வலையப் போடுங்க. எல்லாரும் போடுங்க. அடிச்சேறு வரைக்கும் இறக்குங்க. யாரு வலையில வந்தாலும் பயப்படாதீங்க, எங்ககிட்டக் கொண்டாந்து குடுங்க. நாங்க வாங்கிக்கறோம்."

அவன் தங்கள் வலையில் வந்துவிடக் கூடாது என்றுதான் அவர்கள் இத்தனை நாளும் பட்டினி கிடந்தார்கள். இப்போது அவன் பொண்டாட்டியே கேட்கிறாள். தலைவர்தான் முதலில் குனிந்து தன் படகைத் தள்ளினார். அப்புறம் ஒவ்வொருத்தராகத் தள்ளினார்கள். படகுகள் மடுவுக்குள் போய்ப் பரவி நின்றன.

நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் கரைச்சேற்றில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு வலை மேலே வரும்போதும் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். மீன்தான் என்று தெரிந்ததும் உட்கார்ந்தார்கள்.